மாநிறத்துக்கும் ஒரு படி கீழே

ஒரு வீட்டில் குழந்தை பிறந்தால் ஆணா பெண்ணா என்று கேட்பார்கள். அடுத்து எடை எவ்வளவு என்று கேட்பார்கள். மூன்றாவது கேள்வி கொஞ்சம் குரலைத் தாழ்த்திக்கொண்டு வரும்: "கலர் எப்படி?" எங்கள் ஊர்ப் பக்கத்து ஆச்சிமார் பதிலுக்காகக் காத்திருக்க மாட்டார்கள். பிள்ளையைக் கையில் வாங்கியதுமே காது மடலைத் திருப்பிப் பார்ப்பார்கள். மடலின் ஓரம் என்ன நிறமோ, பிள்ளை கடைசியில் அந்த நிறத்துக்குத்தான் வந்து நிற்கும் என்பது அவர்கள் கணக்கு. பிறந்த குழந்தையின் தோலில் நிறமி முழு வேகத்தில் உற்பத்தியாவதில்லை. முதல் சில மாதங்களில்தான் நிறம் ஏறும். ஆக, வெளுப்பாகப் பிறந்த பிள்ளை அப்படியே இருந்துவிடாது என்று ஆச்சிமார் கண்டுகொண்டது சரிதான். பார்த்த கையோடு ஒரு மதிப்பெண்ணும் போட்டுவிடுவார்களே, அதோடுதான் எனக்குத் தகராறு.

நான் கோவில்பட்டிக்காரி. வயது 44. இப்போது கோயம்புத்தூரில் ஒரு ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். என் அக்கா நல்ல சிவப்பு, நான் நல்ல கருப்பு. ரயிலில் எதிரே உட்கார்ந்திருப்பவர்கள்கூட "ரெண்டு பேரும் கூடப் பிறந்தவங்களா?" என்று கேட்டுவிட்டு, பதிலை நம்பாமல் அம்மாவின் முகத்தைப் பார்ப்பார்கள். அப்பாவைப் பெற்ற ஆச்சியை நான் உரித்து வைத்திருக்கிறேன் என்பது வீட்டில் சொல்லும் விளக்கம். அது பெரிய தவறான விளக்கமும் இல்லை. தோலின் நிறத்தை ஒரே ஒரு மரபணு முடிவு செய்வதில்லை. பல மரபணுக்கள் ஒவ்வொரு பிள்ளைக்கும் சீட்டுக்கட்டைப் புதிதாகக் கலைத்துப் போட்ட மாதிரி வந்து விழுகின்றன. வெளுத்த நிறத்தோடு தொடர்புடைய ஒரு மரபணு மாற்றத்தைப் பற்றி, ஹைதராபாத்தின் சி.சி.எம்.பி. என்ற உயிரியல் ஆய்வு நிறுவனத்தாரும் வெளிநாட்டு ஆய்வாளர்களும் சேர்ந்து 2013இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். ஐரோப்பியரிடம் இருக்கும் அதே மாற்றம், அதே மூதாதை வழியாக, நம் துணைக்கண்டத்து மக்களிடமும் பரவிக் கிடக்கிறது என்று அதில் தெரிந்தது. ஒரே ஊரில், ஒரே தெருவில், ஏன் ஒரே வீட்டில்கூட அது சிலருக்கு இருக்கும், சிலருக்கு இருக்காது. அக்காவுக்கு விழுந்த சீட்டு எனக்கு விழவில்லை.

இதில் எனக்குப் பிடித்த தகவல் இன்னொன்று. நிறமியைத் தயாரிக்கும் செல்களின் எண்ணிக்கை உலகத்தில் எல்லா நிறத்தாருக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். என் செல்கள் நிறமியைக் கூடுதலாகவும் பெரிய மணிகளாகவும் செய்து, மேல்தோலில் பரவலாக வைக்கின்றன. அவை ஏன் அப்படிச் செய்கின்றன என்பதற்கு நினா ஜப்லோன்ஸ்கி, ஜார்ஜ் சாப்ளின் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2000இல் ஒரு விளக்கம் தந்தார்கள். வெயில் கொளுத்தும் நாடுகளில் புற ஊதாக் கதிர் உடம்பில் உள்ள ஃபோலேட் சத்தைச் சிதைக்கும். கருவில் வளரும் பிள்ளையின் முதுகுத்தண்டு சரியாக உருவாக அந்தச் சத்து வேண்டும். அதைக் காப்பாற்றுகிற குடை இந்த நிறமி. கரிசல் காட்டு வெயிலில் தலைமுறை தலைமுறையாக நின்று களை பறித்த பெண்களின் பேத்திக்கு அந்தக் குடை கிடைத்திருக்கிறது. பத்தாம் வகுப்பில் எனக்கு யாராவது இதைச் சொல்லிக் கொடுத்திருக்கலாம். அன்றைக்கு எனக்குக் கிடைத்ததெல்லாம் பயத்தமாவும் பன்னீரும்தான்.

நம் ஊரில் ஒரு ஏணி உண்டு. மேலே சிவப்பு. அதற்குக் கீழே நல்ல கலர். அப்புறம் மாநிறம். அதற்குக் கீழே போனால் கலர் கம்மி. கடைசியில் கருப்பு. அட்டக்கருப்பு என்று தரைக்கு அடியிலும் ஒரு படி இருக்கிறது. என்னைப் பற்றிச் சொல்லும்போது அம்மா ஜாக்கிரதையாக "மாநிறத்துக்குக் கொஞ்சம் கம்மி" என்பாள். வரன் பார்க்கும் காலத்தில் தரகர் அதையும் உருட்டி "மாநிறம்" என்று எழுதிக்கொண்டார். வருகிறவர்கள் வந்து பார்த்துவிட்டு, காபி குடித்துவிட்டு, "போன் பண்றோம்" என்று போனார்கள். அந்தக் கதை எல்லோருக்கும் தெரிந்த கதை, நீட்டவில்லை. ஒன்றை மட்டும் சொல்கிறேன். ஓர் இடத்தில் பவுன் பேச்சு வந்தபோது, பெரியவளுக்குப் போட்டதைவிடச் சின்னவளுக்குக் கூடப் போட வேண்டும் என்றார்கள். பையனின் அத்தை காரணத்தை மறைக்கவில்லை. "நிறத்துல கொறையிறத நகையில சரிக்கட்டணும்லா" என்றார். அப்பா எழுந்து செருப்பைத் தேடினார். அப்பாவைப் பற்றி எனக்கு இருக்கும் நல்ல நினைவுகளில் அதுவும் ஒன்று.

ஏச்சைவிட ஆறுதல்தான் என்னை அதிகம் படுத்தியது. "கருப்பா இருந்தாலும் களையா இருக்கா" என்று சொல்லாத உறவினர் இல்லை. "கண்ணன் கருப்புதானே" என்பார்கள். காலண்டரில் அவனை நீலமாகத்தான் போடுகிறார்கள் என்று நான் ஒருமுறை திருப்பிச் சொல்லி, வாய் நீளம் என்ற பெயரையும் சேர்த்து வாங்கினேன். அம்மா என்னைக் கட்டிக்கொண்டு "காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு" என்பாள். பாசமாகத்தான் சொன்னாள். காக்கை யார், குஞ்சு யார் என்று எனக்கு அப்போதே புரிந்துவிட்டதை அவளிடம் சொல்ல மனசு வரவில்லை. கல்லூரியில் தமிழ் எடுத்த பேராசிரியை ஒருவர், சங்கப் பாட்டில் தலைவி பல இடங்களில் மாயோள்தான், கருநிறத்தாள்தான், அவன் பிரிந்து போனதும் பசலை பூத்து வெளுத்துப் போவதுதான் அங்கே நோய் என்று வகுப்பில் விளக்கினார். கேட்க நன்றாக இருந்தது. மாப்பிள்ளை வீட்டார் யாரும் சங்க இலக்கியம் படித்துவிட்டு வரவில்லை.

அப்புறம் கோஷங்கள் வந்தன. சென்னையில் விமன் ஆஃப் வொர்த் என்ற அமைப்பு 2009இல் 'டார்க் இஸ் பியூட்டிஃபுல்' என்று ஓர் இயக்கத்தைத் தொடங்கியது. நடிகை நந்திதா தாஸ் 2013இல் அதற்கு முகமாக வந்தார். கருப்பான பெண்ணைச் சோகமாகவும், தோற்றவளாகவும், வேலை கிடைக்காதவளாகவும் காட்டக்கூடாது என்று இந்திய விளம்பரத் தர நிர்ணயக் கவுன்சில் 2014இல் விதி கொண்டு வந்ததற்கு அந்த மாதிரிக் குரல்கள்தான் காரணம். ஷாதி.காம் தளம் தோல் நிறத்தை வைத்து வரன் வடிகட்டும் வசதியை 2020இல் எடுத்ததும் பயனாளர்கள் கேள்வி கேட்டதால்தான். இவையெல்லாம் நடந்திருக்க வேண்டியவை, நடந்தன. நான் குறை சொல்லவில்லை. ஆனால் தனியாகக் கண்ணாடி முன்னால் நிற்கும்போது, "கருப்பே அழகு, நான் அழகு" என்ற வாசகம் எனக்கு வேலை செய்யவில்லை. சொல்லச் சொல்ல உள்ளே இருந்து இன்னொரு குரல் ஒவ்வொரு சொல்லுக்கும் எதிர்ச்சாட்சி சொல்லும்.

இது எனக்கு மட்டும் நடப்பதில்லை என்று பிறகு படித்தேன். கனடாவில் வாட்டர்லூ பல்கலைக்கழகத்து ஜோஆன் வுட் என்ற உளவியலாளரும் அவரோடு இருந்தவர்களும் 2009இல் வெளியிட்ட ஆய்வு அது. "நான் அன்புக்குரியவள்" என்கிற மாதிரி ஒரு வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொல்ல வைத்தார்கள். ஏற்கெனவே தன்மீது நல்ல மதிப்பு உள்ளவர்களுக்கு அது கொஞ்சம் உதவியது. தன்மதிப்பு குறைவாக இருந்தவர்களுக்குச் சொல்லாமல் இருந்தவர்களைவிட மனநிலை மோசமானது. மருந்து யாருக்குத் தேவையோ அவருக்கே ஒத்துக்கொள்ளவில்லை. எனக்கு அதைப் படித்தபோது பெரிய நிம்மதி. நான் முயற்சி செய்யாத சோம்பேறி இல்லை என்று தெரிந்துகொண்டதே ஒரு லாபம். "கண்ணாடியைப் பார்த்து உன்னைக் காதலி" என்று யாராவது ரீல்ஸில் சொன்னால் இப்போது கூச்சமில்லாமல் தள்ளிவிட்டுப் போகிறேன்.

எனக்கு உதவியது வேறு. நான் அழகா என்ற கேள்விக்கு நல்ல பதில் கிடைத்ததால் மனசுக்கு அமைதி வரவில்லை. அந்தக் கேள்வி நாளுக்குப் பத்து முறை எழுவது நின்றதால் வந்தது. எப்படி நின்றது என்பதைச் சொல்வதற்கு முன்னால், அது எங்கிருந்தெல்லாம் ஊட்டப்பட்டது என்று கொஞ்சம் சொல்ல வேண்டும்.

எங்கள் வீட்டுச் சாமான் அலமாரியில், மஞ்சள் கிழங்குக்கும் சீயக்காய்க்கும் நடுவில், ஃபேர் அண்ட் லவ்லி ட்யூப் ஒன்று எப்போதும் இருக்கும். அந்தக் கிரீம் 1975இல் இந்தியச் சந்தைக்கு வந்தது. என்னைவிட வயதில் மூத்தது. 2020இல் அமெரிக்காவில் நிறவெறிக்கு எதிராகப் போராட்டம் வெடித்தபோது, அதன் காற்று இங்கே அடித்து, பெயர் 'குளோ அண்ட் லவ்லி' ஆனது. நியாசினமைடு என்ற பி3 வைட்டமினும் வெயில் தடுப்புப் பொருளும் அதன் சரக்கு. நிறமி மணிகள் மேல்தோல் செல்களுக்குப் போவதை அந்த வைட்டமின் ஓரளவு தடுக்கும். வெயிலில் கறுத்தது கொஞ்சம் தெளியலாம். பிறவி நிறம் மாறாது. இந்த விஷயத்தை அலமாரியில் யாரும் ஒட்டி வைக்கவில்லை. எங்கள் வீட்டு ட்யூப் மட்டும் வேகமாகத் தீர்ந்தது. அம்மா என்னைச் சந்தேகப்பட்டாள். எடுத்தவன் தம்பி. ஆண்களுக்கென்று ஒரு நிறுவனம் 'ஃபேர் அண்ட் ஹேண்ட்சம்' என்று கிரீம் கொண்டுவந்தது 2005இல்தான். அதுவரை தம்பிமார் அக்காமாரின் ட்யூபைத்தான் திருடினார்கள். ஆண்பிள்ளைக்கு நிறம் ஒரு பொருட்டில்லை என்று நாம் சொல்லிக்கொண்டதை அவன் நம்பவில்லை போல. இன்றைக்கும் அவன் அந்தப் பேச்சை எடுத்தால் எழுந்து போய்விடுவான். பெண்களுக்காவது இதைப் பற்றி அழுதுகொள்ள ஒருவரையொருவர் உண்டு.

பள்ளிக்கூடத்தில் ஆண்டு விழா என்றால் நடனத்தில் முன்வரிசை யாருக்கு என்று ஆடிப் பார்க்காமலே முடிவாகிவிடும். வருகிற விருந்தினருக்குச் சந்தனக் கிண்ணம் நீட்டுவதும் அதே பிள்ளைகள்தான். நான் ஸ்கிப்பிங்கில் கெட்டிக்காரி, கோகோவில் அதைவிட. "ஏட்டி, வெயில்ல நின்னு இருக்கிறதையும் கெடுத்துக்காத" என்று அம்மா எட்டாம் வகுப்போடு நிறுத்தினாள். கருப்பான பெண் பிள்ளைகள் எத்தனை பேர் இந்த ஒரு வாக்கியத்தால் மைதானத்தைவிட்டு வெளியே வந்தார்கள் என்று யாராவது எண்ணிப் பார்க்க வேண்டும். உடம்பைப் பற்றிய எண்ணம் உடம்பையே மாற்றிவிடும். ஓடாத கால், வெயில் படாத முதுகு, எப்போதும் நிழலைத் தேடி ஓரமாக நடக்கிற நடை. இவை என் நிறத்தால் வந்தவை இல்லை, என் நிறத்தைப் பற்றிய பயத்தால் வந்தவை.

போட்டோவும் சேர்ந்துகொண்டது. வகுப்பு குரூப் போட்டோவில் அக்கா முகம் தெளிவாக இருக்கும். என் வகுப்பு போட்டோவில் எனக்குப் பல் மட்டும் தெரியும். நான் அதைப் படம் சொன்ன உண்மை என்றே எடுத்துக்கொண்டேன். படச்சுருளுக்கும் ஒரு சார்பு உண்டு என்று தெரிய வெகுகாலம் ஆனது. கோடாக் நிறுவனம் வண்ணப் பிரதிகளைச் சரிபார்க்க ஆய்வகங்களுக்கு அனுப்பிய மாதிரிப் படத்தில் வெள்ளைக்காரப் பெண்தான் இருப்பார். 'ஷெர்லி கார்டு' என்று அதற்குப் பெயர். அவர் தோல் சரியாக விழுந்தால் எல்லாம் சரி. கருப்பு நிறத்தின் நுணுக்கங்கள் விழுகிறதா என்று பார்க்க அந்த அட்டையில் வழியே இல்லை. பிற்பாடு படச்சுருளைத் திருத்தியதற்குக்கூட, சாக்லேட் நிறுவனங்களும் மர நாற்காலி மேசை விற்பவர்களும் தங்கள் பொருளின் பழுப்பு வகைகள் படத்தில் வித்தியாசம் தெரியவில்லை என்று புகார் சொன்னதும் ஒரு காரணம் என்பார்கள். மனிதர்களுக்காக இல்லை, மேசைக்காக! இப்போது கைபேசி தானாகவே வெளுக்க வைக்கிறது. கல்யாண ஆல்பத்தில் வெளுக்க வைப்பதற்கு யாரும் தனியாகச் சொல்ல வேண்டியதே இல்லை. மணமகள் அலங்காரத்துக்கு வருகிறவர் "ரெண்டு ஷேடு ஏத்திப் போட்டா எடுப்பா இருக்கும்" என்பார். என் கல்யாணத்தன்று அப்படித்தான் ஏற்றினார்கள். கருந்தோலில் வெளிர் மாவு ஏறினால் சிவப்பு வராது, சாம்பல்தான் வரும். வீடியோவில் நான் காய்ச்சலோடு மணவறையில் உட்கார்ந்த மாதிரி இருக்கிறேன். என் கணவர், பாவம், அன்றைக்கு உண்மையிலேயே உடம்பு சரியில்லையோ என்று பயந்தாராம்.

இப்போது கழுத்துக்கு வருகிறேன். இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததே கழுத்துக்காகத்தான்.

கல்லூரிக் காலத்தில் தொடங்கி என் பின்கழுத்தில் ஒரு பட்டை இருந்தது. முகத்தைவிட இன்னும் கருப்பாக, கொஞ்சம் தடித்து, தொட்டால் வெல்வெட் துணி மாதிரி. அக்குளிலும் உண்டு. வீட்டில் அதை அழுக்கு என்றார்கள். அம்மா எலுமிச்சை மூடியில் சர்க்கரையைத் தொட்டுத் தேய்ப்பாள். பீர்க்கங்காய் நாரால் தேய்ப்பாள். தயிரில் கடலைமாவைக் குழைத்துத் தேய்ப்பாள். தோல் எரிந்து சிவந்து ஆறும்போது இன்னும் கறுக்கும். "சரியாத் தேய்ச்சுக் குளிக்கிறதில்ல" என்று பழி என் மேல். ரவிக்கை தைக்கும்போது கழுத்தை ஏற்றி வைக்கச் சொல்வேன். பின்னலை முன்னால் போடாமல் பின்னாலேயே விடுவேன். சேலை முந்தானையை இழுத்து மூடுவது கைப்பழக்கமாகிவிட்டது. பேசிக்கொண்டிருக்கும்போதே கை அங்கே போய்விடும்.

கோயம்புத்தூர் வந்த பிறகு ஒரு நாள் கணுக்கால் சுளுக்குக்காக எங்கள் தெருமுனைப் பெண் மருத்துவரிடம் போனேன். காலைப் பார்த்துக் கட்டுப் போட்டுவிட்டு, "முந்தானையைக் கொஞ்சம் எறக்குங்க, கழுத்தைப் பாக்கணும்" என்றார். எனக்கு உடம்பெல்லாம் கூசியது. குளிக்காதவள் என்று நினைக்கப் போகிறார் என்றுதான் முதல் எண்ணம். அவர் விரலால் தொட்டுப் பார்த்தார், கரண்ட் மீட்டரில் எண்ணைப் படிக்கிற முகத்தோடு. மாதவிலக்கு ஒழுங்காக வருகிறதா, வீட்டில் யாருக்குச் சர்க்கரை, எடை எப்போது ஏறியது என்று வரிசையாகக் கேட்டார். "இது அழுக்கு இல்லம்மா. தேய்க்கிறத இன்னியோட விட்டுடுங்க. ரத்தம் கொடுத்துட்டு வாங்க" என்றார்.

அதற்குப் பெயர் அகாந்தோசிஸ் நைக்ரிகன்ஸ். உடம்பு இன்சுலினுக்குச் சரியாகச் செவிசாய்க்காமல் போனால், கணையம் இன்னும் இன்னும் இன்சுலினைச் சுரக்கும். ரத்தத்தில் கூடிப்போன அந்த இன்சுலின் தோல் செல்களை வேகமாகப் பெருகத் தூண்டுகிறது. கழுத்து, அக்குள், விரல் முட்டி என்று மடிப்பும் தேய்ப்பும் உள்ள இடங்களில் தோல் தடித்துக் கறுக்கிறது. கருங்கழுத்து உள்ள எல்லோருக்கும் சர்க்கரை நோய் என்று அர்த்தமில்லை. சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை உள்ள பெண்களிடம் அடிக்கடி பார்க்கலாம், எடை கூடிய பிள்ளைகளிடமும் பார்க்கலாம். ஆனால் உள்ளே ஒன்றைப் பார்க்கச் சொல்லும் அடையாளம் அது. எனக்கு மூன்று மாதச் சர்க்கரை 6.1 வந்தது. 5.7 முதல் 6.4 வரை சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலை என்று கணக்கு. சென்னையின் மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனத்தார் முன்னின்று நடத்தி 2023இல் வெளியான நாடு தழுவிய ஆய்வில், இந்தியாவில் 13.6 கோடிப் பேர் இந்த நிலையில் இருப்பதாக மதிப்பிட்டிருக்கிறார்கள். அதாவது இது ரொம்பச் சாதாரணமான செய்தி. அந்தச் செய்தியை என் கழுத்து வருஷக்கணக்காக எழுதிக் காட்டிக்கொண்டிருந்தது.

அன்றைக்கு ஆட்டோவில் வீட்டுக்கு வரும்போது எனக்கு ஒன்று உறைத்தது. இதே பட்டை அக்காவின் சிவந்த கழுத்தில் வந்திருந்தால், அந்த வாரமே டாக்டரிடம் கூட்டிப் போயிருப்பார்கள். என் கழுத்தில் வந்ததால் அதையும் என் நிறத்தின் கணக்கில் எழுதிவிட்டார்கள். நானும் அப்படித்தான் எழுதிக்கொண்டேன். வெட்கப்படுகிற இடத்தை யாரும் சரியாகப் பார்ப்பதில்லை. மறைக்கத் தெரியும், தேய்க்கத் தெரியும், பார்க்க மட்டும் தெரியாது. உடம்பை ஏற்றுக்கொள்வது என்று எல்லோரும் சொல்கிறார்களே, எனக்கு அதன் முதல் பொருள் இதுதான்: அருவருப்பு இல்லாமல் பார்ப்பது. அந்த மருத்துவர் பார்த்தாரே, அந்த மாதிரி.

அதிலிருந்து என் தோலை நான் ஒரு சான்றிதழாகப் பார்ப்பதைக் குறைத்துக்கொண்டு, ஈரல் மாதிரி, கண் மாதிரி ஓர் உறுப்பாகப் பார்க்கப் பழகினேன். ஏற்றுக்கொள்வது என்றால் இருந்தபடி இருப்பது, அக்கறையை விடுவது என்று சிலர் பயப்படுகிறார்கள். என் அனுபவம் தலைகீழ். வெயிலுக்குப் பயப்படாமல் காலையில் நடக்க ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான். கருந்தோலுக்கு வைட்டமின் டி தயாரிக்கக் கூடுதல் நேரம் வெயில் வேண்டும் என்பதால், முக்காடு போட்டு நடப்பதில் எனக்குத்தான் நஷ்டம். இரவு அரிசிச் சோற்றைக் குறைத்தேன், சுண்டல் கூட்டினேன். சர்க்கரை எண் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது, கழுத்துப் பட்டையும் லேசாகியது. முழுக்கப் போகவில்லை. போக வேண்டும் என்று நான் காத்திருக்கவும் இல்லை. இப்போது ரவிக்கைக்கு இறக்கமான கழுத்துதான். தையல்காரர் "மேடம், அளவு மாத்திட்டீங்களா?" என்று இரண்டு முறை கேட்டுவிட்டுத்தான் வெட்டினார்.

நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்ட் பல்கலைக்கழகத்தில் ஜெசிகா அல்லேவா என்ற ஆய்வாளர் 2015இல் ஒரு சின்னப் பயிற்சியைச் சோதித்தார். தன் உடம்பு எப்படி இருக்கிறது என்பதை விட்டுவிட்டு, அது என்னென்ன செய்கிறது, அந்தச் செயல் தனக்கு ஏன் முக்கியம் என்று பெண்களை எழுதச் சொன்னார். ஒரு தடவைக்கு 15 நிமிடம், அப்படி மூன்று தடவை. அவர்களுக்குத் தங்கள் உடம்பின்மேல் திருப்தி கூடியது. கிறிஸ்டின் நெஃப் என்ற உளவியலாளர் 2003 முதல் எழுதி வரும் தன்பரிவும் இதற்குப் பக்கத்து வீடு. தோழிக்குச் சொல்வதை உனக்குச் சொல் என்பது அதன் ஒரு பகுதி. நான் இதை ஒழுங்காகப் பயிற்சியாகச் செய்தவள் இல்லை. டைரியில் ஒரு நாள் எழுத உட்கார்ந்தேன். என் தோல் வெயிலில் வேர்த்து என்னைக் குளிர வைக்கிறது. பல்லாரி நறுக்கும்போது பட்ட வெட்டைத் தானே மூடிக்கொண்டது. மகன் சின்னப் பிள்ளையாக இருக்கும்போது ஜன்னி கண்ட மாதிரி அனத்தினால், நெற்றியில் வைத்த புறங்கையே காய்ச்சல் எவ்வளவு என்று சொல்லிவிடும். இதை எழுதிக்கொண்டு போகும்போது நிறம் என்ற சொல்லுக்கு அந்தப் பக்கத்தில் வேலையே வரவில்லை. பாராட்டு வாசகம் சொன்னபோது எதிர்ச்சாட்சி சொன்ன அந்தக் குரல் இதற்கு மறுப்புச் சொல்ல முடியாமல் சும்மா இருந்தது. காய்ச்சலைக் கண்டுபிடித்தது பொய்யா என்ன?

அம்மாவின் நலங்கு மாவையும் நான் விடவில்லை. கஸ்தூரி மஞ்சள், பூலாங்கிழங்கு, ஆவாரம்பூ, காய்ந்த ரோஜா இதழ், பயறு. அரைத்த அன்று வீடே மணக்கும். வெளுக்க வேண்டும் என்று தேய்த்த காலத்தில் அந்த மணம் எனக்குத் தெரிந்ததே இல்லை, மணி பார்த்துக்கொண்டு முகம் இறுக உட்கார்ந்திருப்பேன். இப்போது மணத்துக்காக மட்டும் தேய்த்துக் குளிக்கிறேன்.

சேலை விஷயம் சின்னதுதான், இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். "உங்க கலருக்கு லைட்டா எடுங்க" என்று சொல்லாத ஜவுளிக்கடை ஊழியரை நான் பார்த்ததில்லை. வெளிர் பிஸ்தா, வெளிர் ரோஜா, சந்தன நிறம் என்று எனக்கு அரைப் பீரோ நிறைய மங்கலான சேலைகள் உண்டு. மதுரையில் ஒரு தடவை சுங்குடிச் சேலை எடுக்கப் போன இடத்தில், அடர் மஞ்சளில் அரக்கு வைத்ததைக் கேட்டேன். ஊழியர் என்னையும் சேலையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "யாருக்குக்கா?" என்றார். எனக்குத்தான் என்றதும் தோளில் போட்டுக் காட்டினார். பக்கத்தில் புடவை பார்த்துக்கொண்டிருந்த ஒரு பாட்டி, அறிமுகம் ஏதும் இல்லாமல், "அதையே எடு தாயி" என்று உத்தரவு போட்டுவிட்டார். கிளிப்பச்சை, ராணி பிங்க், கத்திரிப்பூ எல்லாம் வரிசையாக வந்து சேர்ந்தன. அலுவலகத்தில் சில பேருக்குக் கண் கூசுவதாகக் கேள்வி.

எல்லாம் சரியாகிவிட்டது என்று இல்லை. கல்யாண வீட்டில் குரூப் போட்டோவுக்கு நிற்கும்போது இன்றைக்கும் அக்காவுக்குப் பக்கத்தில் நிற்காமல் கால் தானாக ஓரமாகப் போகும். பிறகு இழுத்துக்கொண்டு வந்து நிற்பேன். இந்த வேலை முடிந்துபோகிற வேலை இல்லை.

போன வருஷம் அக்கா மகள் விஷயம் வந்தது. அவள் மாநிறம், பார்க்க அவள் அப்பாவின் சாடை. நிச்சயதார்த்தத்துக்கு முன்னால் தோழி ஒருத்தி ஒரு கிரீமைக் கொடுத்திருக்கிறாள், மெடிக்கல் ஷாப்பில் சீட்டு இல்லாமலே கிடைப்பது. இரண்டு வாரத்தில் முகம் பளிச்சென்று ஆனது. அக்கா வீடியோ காலில் காட்டி மகிழ்ந்தாள். அப்புறம் கன்னத்தில் மெல்லிய சிவப்பு நரம்புகள் தெரிந்தன, பருக்கள் கிளம்பின, தாடையில் பூனைமுடி கூடியது. இரண்டு நாள் போடாவிட்டால் முகம் தீயாக எரிந்தது. "விட்டா கறுத்துப் போயிடுறா, நீயாவது விடாமப் போடச் சொல்லு" என்று அக்கா என்னிடம் சொன்னாள். நான் ட்யூபின் படத்தை அனுப்பச் சொன்னேன். ஹைட்ரோகுவினோன், ட்ரெட்டினாயின், மொமெட்டசோன். மூன்றாவது ஸ்டீராய்டு. மங்கு உள்ளவர்களுக்கு, மருத்துவர் கண்காணிப்பில், சில வாரங்களுக்கு மட்டும் கொடுக்க வேண்டிய கூட்டு மருந்து அது. நம் ஊரில் இதைச் சிவப்பழகு கிரீமாகப் போட்டு முகம் கெட்டவர்கள் அத்தனை பேர் இருப்பதால், தோல் மருத்துவர்கள் 'ஸ்டீராய்டால் பழுதான முகம்' என்று அதற்குத் தனிப் பெயரே வைத்திருக்கிறார்கள். 2018இல் மத்திய அரசு இந்த வகை ஸ்டீராய்டு களிம்புகள் பலவற்றை மருத்துவர் சீட்டோடு மட்டுமே விற்க வேண்டும் என்று ஆக்கியது. கடையில் கேட்டால் இன்றைக்கும் எடுத்துக் கொடுக்கிறார்கள்.

பெயர் தெரியாத டப்பாக்கள் இதைவிட ஆபத்து. கேரளத்தின் கோட்டக்கல்லில் சிறுநீரக மருத்துவர்கள் 2024இல் வெளியிட்ட ஒரு கணக்கு என் மனதைவிட்டுப் போகவில்லை. ஒரு வகைச் சிறுநீரக வடிகட்டி நோயோடு வந்த 22 பேரில் 15 பேருக்கு அதன் அரிதான ஒரு பிரிவு இருந்தது. அந்த 15 பேரில் 13 பேர் சிவப்பழகு கிரீம் போட்டவர்கள். பாதரசம் கலந்த கிரீம்கள். முகத்தில் தடவியது சிறுநீரகத்தில் போய் நின்றிருக்கிறது.

அக்கா மகளைத் தோல் மருத்துவரிடம் அழைத்துப் போனோம். சட்டென்று நிறுத்தினால் எரிச்சல் திருப்பி அடிக்கும் என்பதால் படிப்படியாக இறக்கினார்கள். முகம் ஆற மாதங்கள் பிடித்தன. நிச்சயம் அந்த முகத்தோடுதான் நடந்தது. மாப்பிள்ளைப் பையன் "ரொம்ப எரியுதா?" என்று ஐஸ் தண்ணீர் வாங்கிக் கொடுத்தான். நல்ல பையனாகத்தான் தெரிகிறான். ஆல்பம் செய்கிறவர் வழக்கம்போல வெளுக்க வைத்து அனுப்பியதை, இவள் திருப்பி அனுப்பி அசலைக் கேட்டு வாங்கினாள். அக்காவுக்கு அது இன்னும் ஆறவில்லை.

இப்போது அவள் வேறு வேலை ஆரம்பித்திருக்கிறாள். அலுவலகத்தில் யார் பையில் களிம்பு ட்யூப் இருந்தாலும் வாங்கித் திருப்பிப் பார்க்கிறாளாம். மொமெட்டசோன், பீட்டாமெத்தசோன், க்ளோபெட்டசால், ஹைட்ரோகுவினோன் என்று ஒரு தாளில் எழுதி வைத்திருக்கிறாள். இந்தப் பெயர் இருந்தால் தோல் டாக்டரிடம் போ, நீயாக நிறுத்தாதே, நீயாகத் தொடராதே என்று சொல்கிறாள். போன வாரம் கூட வேலை பார்க்கும் ஒரு பிள்ளையை அழைத்துக்கொண்டு மெடிக்கல் ஷாப்புக்கே போய், "சீட்டு இல்லாம இதை எப்படிண்ணே கொடுத்தீங்க?" என்று கேட்டிருக்கிறாள். அவர் "எல்லாரும் கேக்குறாங்க, கொடுக்குறோம் பாப்பா" என்றாராம். இவள் விடவில்லை, பில்லைக் கேட்டு நின்றிருக்கிறாள். அவர் பில் போட மாட்டேன் என்றிருக்கிறார். அக்கா எனக்குப் போன் போட்டு ஒரே சத்தம்: கல்யாணம் ஆகப்போகிற பொண்ணு கடையில் நின்று சண்டை போடலாமா, எல்லாம் நீ கொடுக்கிற இடம். பின்னாலிருந்து அவள் குரல் கேட்டது. "சித்தி, பில் போடலைனா யார்கிட்ட புகார் கொடுக்கணும்?"

மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை ஆய்வாளரிடம் கொடுக்கலாம் என்று சொல்லியிருக்கிறேன். மனுவை நான்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன்.